மூன்று தசம் இரண்டு

எங்கள் ஈ.சி.ஜி. பதிவாளர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், ரோசாப்பூ, யாருடைய மகளுக்கோ சாமத்திய வீடு, வழமையாக அதில் வருவது இவைதான். நான் ஓய்வு பெற்று இரண்டு வருசமாகிறது. என்னை யாரும் அதிலிருந்து கழற்றவில்லை, நானும் விலகவில்லை. போன கிழமை ரிஃபானா அதில் ஒரு கேள்வி போட்டாள். என்னோடு ஒரே அறையில் ஒன்பது வருசம் வேலை செய்தவள், இப்போது அந்த அறைக்குப் பொறுப்பு அவள்தான். இன்னொரு புது மெசின் வந்திருக்கிறதாம். அதுவும் எல்லாவற்றையும் மைக்ரோவோல்ட்டில் அடித்துத் தள்ளுகிறதாம். புதிதாக வந்த பிள்ளைகள் நூறால் வகுப்பதா ஆயிரத்தால் வகுப்பதா என்று கேட்கிறார்களாம். "பிலோ அக்கா, இதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க," என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு மூஞ்சியும் வைத்திருந்தாள்.

அந்த மூஞ்சி எதற்கென்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மில்லிவோல்ட் வேண்டுமென்றால் ஆயிரத்தால் வகு என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கத்தான் தொடங்கினேன், பெருவிரல் நின்றுவிட்டது. அந்த நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் பாடசாலை வான் ஓட்டுகிற ஒரு மனிசனை நான் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொன்னால் பாதிப் பொய். முழுவதையும் எழுத வட்ஸ்அப் காணாது. ஆகவே இருந்து எழுதுகிறேன், வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ரோசாப்பூவைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

தெரியாதவர்களுக்கு முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஜி. எடுக்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கட்டிலில் ஏறியதும் கேட்பது, கரண்ட் அடிக்குமா என்பதுதான். அடிக்காது. மெசின் உங்களுக்குக் கரண்ட் தருவதில்லை, உங்களிடம் இருந்துதான் எடுக்கிறது. இருதயம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு மின்சாரம் விடும். தோலுக்கு வந்து சேரும்போது அது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை மெசின் கட்டம் போட்ட கடுதாசியில் மேடும் பள்ளமுமாகக் கீறும். ஒரு மில்லிவோல்ட்டுக்குப் பத்து மில்லிமீற்றர் உயரம் என்பது எங்கள் வேதவாக்கு. கடுதாசியில் ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீற்றர், ஆகவே ஒரு கட்டம் நூறு மைக்ரோவோல்ட். இவ்வளவுதான் கணக்கு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும். விளங்குவது வேறு, பஸ்ஸுக்கு நேரம் போகும்போது பிழைவிடாமல் செய்வது வேறு.

இதைக் கொழும்பில் படித்தேன். படிப்பித்த அம்மணிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களத்தில் 'ஹரி', அதாவது சரி, அது ஒன்றுதான் தெரியும். எல்லாவற்றுக்கும் ஹரி ஹரி என்று தலையாட்டினேன். அவ பார்த்துப் பார்த்து, ஒருநாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மாடிப்படியில் நிறுத்தினா. மேல்மாடி கிலோவோல்ட், அதற்குக் கீழே வோல்ட், அதற்கும் கீழே மில்லி, நிலத்தில் மைக்ரோ. ஒரு மாடி இறங்கினால் ஆயிரத்தால் பெருக்கு, ஏறினால் ஆயிரத்தால் வகு. எங்களை ஏறி இறங்க வைத்தே வாயில் எண் சொல்ல வைத்தா. முழங்கால் வலித்தது, ஆனால் பாடம் ஏறிவிட்டது. மற்றப்படி பயிற்சிக் காலத்தில் நான் நன்றாகப் பழகியது பருப்பும் பாணும் சாப்பிடத்தான்.

திரும்பி வந்து ஊரில் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாவிக் காற்று யன்னலால் வருகிற ஆஸ்பத்திரி. அந்தக் காற்றில் உப்பு இருக்கும், வயரின் கவ்விகள் பச்சை பூத்துப் போகும். காலையில் வந்ததும் முதல் வேலை அவற்றை அரத்தாளால் உரசுவது. இரண்டாவது வேலை, யாரையும் படுக்கவைக்காமல் மெசினைப் போட்டு ஒரு பொத்தானை அமத்துவது. அது சரியாக ஒரு மில்லிவோல்ட்டைத் தனக்குத் தானே கொடுத்து, கடுதாசியில் ஒரு பெட்டி கீறும். பெட்டி பத்துக் கட்டம் உயரம் இருந்தால் அன்றைக்கு மெசின் சொல்வதை நம்பலாம். ஒன்பதரை இருந்தால் திருகு ஆணியைத் திருப்பிச் சரிபண்ண வேண்டும். பெட்டி சரிவராமல் நான் யாருக்கும் வயரைப் பூட்டியதில்லை, என் மூத்த மகன் சத்தியமாக.

இருதய டொக்டர் அருமைநாதன் காலை ஏழரைக்கு வாட்டுக்கு வருவார். மெல்லிய மனிசன், குரலும் மெல்லிசு. சட்டைப் பையில் பிள்ளைகளின் கேத்திரகணிதப் பெட்டியில் இருக்கும் கவராயம் ஒன்று எப்போதும் குத்திக்கொண்டு இருக்கும். கடுதாசியைக் கொடுத்தால் நோயாளியின் அலையைப் பார்க்கமாட்டார், முதலில் தொடக்கத்தில் உள்ள அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பார். கவராயத்தின் இரண்டு காலையும் பெட்டியின் அடியிலும் நுனியிலும் வைப்பார். அதே அகலத்தோடு அலைக்குக் கொண்டுபோவார். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், 'மிஸ்' என்று கூப்பிடுவார். அவ்வளவும்தான், ஆனால் அந்த மிஸ்ஸுக்குக் கை கால் ஓடாது.

நான் சேர்ந்த முதல் கிழமை, ஆக உயரமான அலை எவ்வளவு என்று கேட்டார். இருபத்திரண்டு சேர் என்றேன்.

"இருபத்திரண்டு என்ன மிஸ்? இறாலா?"

வாட்டில் இருந்த நோயாளிகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பதினாலாம் கட்டிலில் மூச்செடுக்கவே கஷ்டப்பட்ட கிழவன்கூடச் சிரித்தான், பாவி. பிறகு டொக்டர் ஒரு துண்டைத் தந்து எழுதச் சொன்னார். 22 மில்லிமீற்றர். 2.2 மில்லிவோல்ட். 2200 மைக்ரோவோல்ட். 0.0022 வோல்ட். நான்கும் ஒரே அலைதான், நான்கும் நான்கு எண். அலகு இல்லாமல் எண் சொல்லுகிற ஆளும் நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற ஆளும் அவருக்கு ஒன்றுதானாம். அன்றிலிருந்து நான் வீட்டில் அரிசி போடும்போதும் அலகோடுதான் சொன்னேன். என் மனிசன் நொந்துபோனார்.

எதிர் அறையில் எக்ஸ்ரே அன்ரன். நல்ல மனிசன், ஆனால் வாய் சும்மா கிடக்காது. அவருடைய மெசின் எழுபது கிலோவோல்ட்டில் ஓடுகிறது என்று அவருக்கு ஒரு கெப்பர். உங்கட மில்லிவோல்ட்டை வைத்து ஒரு டோர்ச் பல்ப்பும் எரிக்க ஏலாது கா என்று தேத்தண்ணி நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லுவார். நான் ஒருநாள் கணக்குப் பார்த்தேன். எழுபது கிலோவோல்ட் என்றால் எழுபதாயிரம் வோல்ட். அதை மில்லிவோல்ட்டாக்கினால் ஏழு கோடி. இலங்கையில் உள்ள சனம் முழுவதையும் வரிசையில் படுக்கவைத்து வயர் பூட்டினாலும் அன்ரனுடைய மெசினுக்குக் காணாது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"உங்கட ஏழு கோடி செத்தவனையும் படம் பிடிக்கும் அன்ரன். எங்கட ஒண்டு உசிரோட கிடக்கிறவனுக்கு மட்டுந்தான் வரும்," என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் தேத்தண்ணி நேரம் அமைதியாகப் போனது.

இப்படி அலகு அலகு என்று பழகி, எனக்கு அதில் ஒரு தலைக்கனமும் வந்துவிட்டது. அந்தத் தலைக்கனத்தில் செய்த வேலைதான் இனி வருகிறது. வடக்கே, வாகரை ரோட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் நான் போகவேண்டியிருந்தது. இரண்டு பஸ் மாறவேண்டும். அங்கே அப்போது ஈ.சி.ஜி. எடுக்க ஆள் இல்லை. போனில் பேசலாம், படம் அனுப்ப அந்தப் பக்கம் சிக்னல் காணாது. ஆகவே நான் எடுத்து, முக்கியமான எண்களை ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு மூன்றரைப் பஸ்ஸைப் பிடிப்பேன். அங்குள்ள மிஸி, அதாவது தாதி, நேரம் கிடைக்கும்போது அந்தத் துண்டை டொக்டர் அருமைநாதனுக்குப் போனில் வாசிப்பா. அவர் அதைக் கேட்டு மருந்து சொல்லுவார்.

வாசிக்கிற மிஸி அலகை விட்டுவிட்டால் என்ன செய்வது? நானே ஒரு படிவம் தயாரித்தேன். டவுனில் கொடுத்து அச்சடித்தேன். 'ஆக உயரமான அலை' என்று ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள்ளேயே 'மில்லிவோல்ட்' என்று அச்சு. இனி யாரும் அலகை மறக்கவே முடியாது. டொக்டர் பார்த்துவிட்டு, நல்லது என்றார். அவருடைய வாயால் நல்லது வருவது வருசத்துக்கு ஒரு தரம். நான் அன்று கல்லடிப் பாலத்தைக் காலால் கடந்தேனா, பறந்து கடந்தேனா என்று ஞாபகமில்லை.

அதே காலத்தில்தான் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் முதலாவது புது மெசின் வந்தது. பழையதில் நான் கட்டத்தை எண்ணுவேன், பத்தால் வகுப்பேன், மில்லிவோல்ட் வரும், படிவத்தில் எழுதுவேன். புதியது எண்ணும் வேலையைத் தானே செய்து, மைக்ரோவோல்ட்டில் அட்டவணை அடித்துத் தந்தது. நேரே ஆயிரத்தால் வகுத்திருந்தால் சோலி முடிந்தது. ஆனால் இருபது வருசமாகக் கட்டத்தையே பார்த்த கண்ணுக்கு மைக்ரோவோல்ட் என்றால் ஒன்றும் தெரியாது. அலை எவ்வளவு உயரம் என்று மனசில் தெரிந்தால்தான் எனக்கு அது அலை. ஆகவே முதலில் நூறால் வகுத்து மில்லிமீற்றர் ஆக்குவேன், ஆளைக் கண்டதுபோல் இருக்கும். பிறகு பத்தால் வகுத்து மில்லிவோல்ட் எழுதுவேன். ஒரு படியை இரண்டு படியாக்கி ஏறினேன். இது எங்கள் தொழில்காரருக்கு மட்டும் வரக்கூடிய வியாதி. அந்த மெசினுக்கு இன்னொரு சேட்டையும் இருந்தது. அலை சின்னதாக இருந்தால் அது தானாகப் பெரிதாக்கிக் கீறிவிடும், எத்தனை மடங்கு என்பதைக் கடுதாசியின் அடியில் எறும்பெழுத்தில் போடும். படத்தைப் பார்த்தால் எல்லா இருதயமும் ஒரே அளவு.

அந்தப் புதன்கிழமை கடைசியாக வந்தவர் யோகராசா. நாற்பது வயது சொச்சம், பாடசாலை வான் ஓட்டுகிறவர். இரண்டு கிழமையாகச் சளியும் காய்ச்சலும், இப்போது நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது. கூட அவருடைய மனிசி சுகந்தி. அந்த மனிசனுக்கு மூச்சுத்தான் இல்லை, பகிடிக்குக் குறைவில்லை. வான் பற்றரி செக் பண்ணுகிற மாதிரியா அக்கா என்று கேட்டார். ஓம், ஆனால் உங்கள் பற்றரி பன்னிரண்டு வோல்ட், அது பன்னிரண்டாயிரம் மில்லிவோல்ட், உங்கள் நெஞ்சு ஒன்றே ஒன்று என்று அவருக்கு நான் பாடம் எடுத்தேன். அப்ப பன்னிரண்டாயிரம் பேர் சேர்ந்து தள்ளினால் வான் ஸ்ராட் ஆகும் என்றார். சுகந்தி சிரிக்கவில்லை. கடுமையா அக்கா, சொல்லுங்க அக்கா என்று என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது.

அட்டவணையில் 320 மைக்ரோவோல்ட். நூறால் வகுத்தேன், மூன்று தசம் இரண்டு. எழுதினேன். பையைத் தூக்கினேன். ஓடினேன்.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு வாய் கிழியக் கணக்குச் சொன்ன நான், அந்த இரண்டாம் வகுத்தலைச் செய்யவில்லை. மில்லிமீற்றரில் இருந்த எண்ணை, மில்லிவோல்ட் என்று நானே அச்சடித்த கட்டத்துக்குள் எழுதிவிட்டேன். அலகை நினைக்க வேண்டிய தேவை இல்லாமல் ஆக்கினேன் அல்லவா, அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை.

பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தது. எனக்கென்று ஒரு கொப்பி உண்டு. அன்றன்று எடுத்தவற்றைக் கட்டக் கணக்கில், அதாவது மில்லிமீற்றரில், அதில் குறிப்பேன். பஸ் குலுக்கலோடு எழுதிக்கொண்டு வந்தேன். பதினொன்று, பதினான்கு, ஒன்பது. யோகராசாவின் அட்டவணைத் துண்டைப் பார்த்து மூன்று தசம் இரண்டு என்று எழுதினேன். எழுதிவிட்டு, என்னடா இது இவ்வளவு சின்னம் என்று யோசித்தேன். அலை அந்தளவு சிறுத்தால், இருதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கலாம். நீருக்குள்ளால் மின்சாரம் தோலுக்கு வந்து சேராது. டொக்டருக்குக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான், சொல்லச் சொல்லி என்ன எழுதிக் கொடுத்தேன் என்பது ஞாபகம் வந்தது.

மூன்று தசம் இரண்டு மில்லிவோல்ட் என்றால் முப்பத்திரண்டு கட்டம். இமயமலை. அதைக் கேட்கிற டொக்டர், பிரசரால் தடித்துக் களைத்துப்போன இருதயம் என்று நினைப்பார். மூச்சும் வாங்குகிறது, காலும் வீக்கம் என்றால், உடம்பிலிருந்து நீரை இறக்குகிற ஊசி போடச் சொல்லுவார். நீர் இருதயத்துக்கு வெளியே கட்டி அமத்திக்கொண்டு இருக்கிறவனுக்கு அந்த ஊசி போட்டால், பிரசர் விழுந்து ஆள் போய்விடும். டொக்டர்மார் இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்லுவார்கள். எனக்கு அந்தப் பஸ்ஸில் இவ்வளவும் ஒரே நொடியில் விளங்கியது.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தேன். மணி போகிறது, எடுப்பார் இல்லை. மறுபடியும் அடித்தேன், இல்லை. டொக்டர் அருமைநாதனின் கைப்போன் இலக்கம் என்னிடம் இருந்தது. இருந்தது என்பதற்காக ஒரு பதிவாளர் நிபுணருக்கு நேரே அடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கொண்டக்டரிடம் பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லிக்கொண்டே அடித்தேன்.

"சேர், பிலோமினா. யோகராசாவுக்கு மூண்டு தசம் ரெண்டு மில்லிவோல்ட் இல்ல சேர். பூச்சியம் தசம் மூண்டு ரெண்டு மில்லிவோல்ட்."

அவர் கடுதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அலகு கேட்டனே. மிஸி மில்லிவோல்ட் எண்டுதானே சொன்னா?"

"மிஸி சரியாத்தான் வாசிச்சா சேர். பிழையா எழுதினது நான்."

"வையுங்க மிஸ்," என்றார்.

நான் அடித்தபோது எடுக்காத போனை அவர் அடித்தபோது உடனே எடுத்தார்கள். பெரிய டொக்டர்மாரின் ராசி அப்படி. நான் ரோட்டில் இறங்கி நின்றேன். இரண்டு பக்கமும் வெட்டை, ஒரு மரநிழல் இல்லை. மாதாவே, அந்த ஊசியைப் போட்டிருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன். மீன் ஏற்ற வடக்கே போன ஐஸ் பெட்டி லொறி ஒன்று நின்றது. ஏறினேன். அந்த டிரைவர் என்ன அக்கா விசயம் என்று இரண்டு தரம் கேட்டான், கெதியாய்ப் போ தம்பி என்று மட்டும் சொன்னேன்.

ஊசி போட்டிருந்தார்கள். முதலாவது போய்விட்டது, இரண்டாவதை மிஸி மருந்தேற்றிக் கையில் வைத்திருந்தபோதுதான் போன் வந்ததாம். நான் போய்ச் சேர்ந்தபோது யோகராசாவின் பிரசர் எழுபதுக்கு விழுந்து, முகம் சாம்பலாகக் கிடந்தது. சேலைன் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளை, கடுதாசியில் அலை நல்ல உயரமாகத்தானே தெரிந்தது என்று அழாக்குறையாகச் சொன்னாள். அடியில் இருந்த எறும்பெழுத்தைக் காட்டினேன். அம்புலன்ஸ் வந்தது. கூட ஏறிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தை என்னால் மறக்க ஏலாது. பகிடி பேசிய மனிசன் கண்ணை மூடிக் கிடந்தார். சுகந்தி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிழை கண்டுபிடித்துப் போன் பண்ணியது நான் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிழை யாருடையது என்பதைச் சொல்லவில்லை.

"பஸ்ஸால இறங்கித் திரும்பி வந்தீங்களே அக்கா. கூடப் பிறந்ததுகள் செய்யாதுகள்," என்றாள்.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும், வாயைத் திறந்திருக்க வேண்டும். அவளுடைய மனிசன் உயிரோடு போய்ச் சேரட்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

டொக்டர் அருமைநாதன் வாசலிலேயே நின்றார். உள்ளே கொண்டுபோய், நெஞ்சுக்குக் கீழால் ஊசி ஏற்றி நீரை எடுத்தார். அரை லீற்றருக்கு மேல் வந்தது. எடுக்க எடுக்கப் பிரசர் ஏறியது, முகத்தில் நிறம் வந்தது. கண் திறந்த யோகராசா முதலில் கேட்டது, நாளைக்கு ஸ்கூல் பிள்ளைகளை யார் ஏற்றுவது என்று. நான் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். நடந்ததை வரிக்கு வரி எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, மேசையில் அவர் எழுதிய கடுதாசி ஒன்றும் இருந்தது. "பிரசர் நூறுதான் எண்டு சொன்னவங்க. அதுக்கு அந்த உயரம் பொருந்தாது. அலகு சொன்ன உடன நான் சந்தோசப்பட்டு விட்டுட்டன். ரெண்டையும் சேத்து மேலிடத்துக்கு அனுப்புவம்," என்றார். மிஸ் போடவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவருக்கு என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் இருந்த அச்சை நானே கறுப்பு மையால் வெட்டினேன். இனி எழுதுகிற ஆள் அலகையும் கையால் எழுதவேண்டும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, யோகராசாவை வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டிய அன்று, இரண்டு பேரும் எங்கள் அறைக்கு வந்தார்கள். சுகந்தியின் கையில் ஒரு பெரிய எருமைத் தயிர்ச் சட்டி. மேசையில் வைத்தாள். ரிஃபானா அங்கே இருந்தாள், அன்ரனும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தயிரை வாங்கிவிட்டால் பிறகு நான் எந்த முகத்தோடு மெசினைத் தொடுவது?

"தங்கச்சி, அந்த ஊசியைப் போட வெச்சதே நான்தான். நான் எண்ணைப் பிழையா எழுதினன். அதாலதான் இவருக்கு அப்பிடி வந்தது," என்றேன்.

யோகராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுகந்தி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அம்புலன்ஸில் பிடித்த கையை நினைத்தாளோ என்னவோ. பிறகு தயிர்ச் சட்டியை மேசையிலிருந்து எடுத்தாள், இடுப்பில் வைத்தாள், வாங்க போவம் என்று மனிசனுக்குச் சொல்லிவிட்டு நடந்தாள். ரிஃபானா எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றித் தந்தாள். அன்ரன் அன்று முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை, அது எனக்கு இன்னும் கரைச்சலாக இருந்தது. சுகந்தி செய்தது நியாயம். ஆனாலும் வலித்தது, அதை மறைத்து என்ன காணப்போகிறேன்.

ஒரு மாசத்தில் அவருக்குக் கிளினிக் நாள் வந்தது. வரிசையில் அவர்களைக் கண்டதும் நான் மெசின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரிஃபானா கெட்டிக்காரி. அவர்களுடைய முறை வந்ததும் சட்டென்று எழும்பினாள், இவருக்கு நான் எடுக்கிறன், நீங்க இருங்க அக்கா என்று வயரைக் கையில் எடுத்தாள். நான் விலகினேன். யோகராசா சட்டையைக் கழற்றிக்கொண்டு கட்டிலில் ஏறப் போனார். சுகந்தி அவருடைய தோளில் கை வைத்து நிப்பாட்டினாள்.

"நீங்க வேணாம் தங்கச்சி," என்றாள் ரிஃபானாவிடம். "நீங்க இனித்தான் பிழை விடப்போறீங்க. இவ விட்டு முடிச்சிட்டா. இவவே எடுக்கட்டும்."

அன்ரன் வாசலில் நின்று சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை. நான் பொத்தானை அமத்திப் பெட்டி பத்துக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன், வயரைப் பூட்டினேன், எடுத்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அட்டவணையில் 1100. அவள் பார்த்துக்கொண்டு நிற்க, 1100 மைக்ரோவோல்ட் என்று எழுதினேன், அதற்குக் கீழே 11 மில்லிமீற்றர், அதற்கும் கீழே 1.1 மில்லிவோல்ட். அவள் மூன்றையும் வாசித்தாள், சரி என்று தலையாட்டினாள், மனிசனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.